ஆப்டி ஓட்டும் பிள்ளையை வெளிநாட்டு ரெகாட்டாவுக்கு அனுப்புவது எப்படி: எல்லையோரக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆரம்பாக்கம், தடா, சூளூர்பேட்டை, பழவேற்காடு வட்டாரத்தில் இருந்துகொண்டு பிள்ளையைச் சென்னைத் துறைமுகத்துக்குப் ஆப்டி என்கிற சிறுவர் பாய்மரப் படகுப் பயிற்சிக்கு அனுப்பும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். வாரக் கடைசியில் ரயில் பிடித்து வந்துபோகும் பிள்ளையின் வீட்டாரிடம் ஒரு நாள் கோச் சொல்வார்: "இந்த வருஷம் வெளியே ஒரு போட்டி ஓட்டட்டும்." வெளிநாட்டில் நடக்கும் ரெகாட்டா, அதாவது பாய்மரப் படகுப் போட்டி. சந்தோஷம்தான். ஆனால் அடுத்து என்ன செய்வது என்று யாரும் வரிசையாகச் சொல்வதில்லை. தெரிந்த அளவுக்கு நான் சொல்கிறேன்.

ஒரு நிபந்தனை மட்டும் முதலிலேயே. படகைத் தானே கட்டி, தானே இறக்கி, தானே அவிழ்த்து வைக்கத் தெரியாத பிள்ளைக்கு டிக்கெட் போடாதீர்கள். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சரி. அங்கே காலையில் நூறு படகுகளுக்கு நடுவே அது தனியாகத்தான் நிற்கப் போகிறது. அப்பா முடிச்சுப் போட்டுக் கொடுத்து, அம்மா தண்ணீர் பாட்டில் எடுத்து வைத்துப் பழக்கிய பிள்ளை அங்கே முதல் நாளே தடுமாறிவிடும். பெரியவர்களின் வேலை முழுக்கக் கிளம்புவதற்கு முன்னால்தான் இருக்கிறது.

எந்தப் போட்டி

ஆப்டிமிஸ்ட் என்கிற ஆப்டி, 1947-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் சிறுவர்களுக்காக வரைந்த படகு. நீளம் சுமார் 2.3 மீட்டர், கூடு 35 கிலோ, ஓட்டுவது ஒரே ஆள். 15 வயது வரைதான் இதில் போட்டியிடலாம். 16 பிறக்கிற ஆண்டின் ஜனவரியிலேயே வாசல் மூடிவிடும். அதற்கப்புறம் பெரும்பாலானவர்கள் ஐ.எல்.சி.ஏ. 4 படகுக்கு மாறுகிறார்கள். பழைய பெயர் லேசர் 4.7, பாயின் பரப்பு 4.7 சதுர மீட்டர் என்பதால் அந்த எண். ஆகவே பிள்ளைக்கு 14 நடக்கிறது என்றால், இரண்டு ஆண்டுத் திட்டம் போடுகிறபோது எந்தப் படகில் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். எடையும் முக்கியம். 50 கிலோவைத் தாண்டிய பிள்ளையை இன்னும் ஒரு சீசன் என்று ஆப்டியிலேயே இழுத்துப் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வெளிநாட்டுப் போட்டிகள் இரண்டு வகை. உலக சாம்பியன்ஷிப், ஆசிய சாம்பியன்ஷிப் போன்றவை நாட்டின் பெயரில் போகிறவை. பாய்மரப் படகு விளையாட்டின் தேசிய அமைப்பான யாட்டிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியா நடத்தும் தேர்வுப் போட்டிகளில் இடம் பிடித்தால்தான் நுழைவு. ஆப்டி உலகப் போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து ஐந்து பேர்தான் போகலாம். இரண்டாவது வகை, நுழைவுக் கட்டணம் கட்டி யாரும் பெயர் கொடுக்கக்கூடிய திறந்த ரெகாட்டாக்கள். இதற்கும் கிளப் மூலமாகப் போவதே நல்லது. விசாவுக்குக் கடிதம் தேவைப்படும்போது அவர்கள்தான் கைகொடுக்க வேண்டும்.

முதல் பயணம் பக்கத்து நாட்டில், திறந்த போட்டியாக இருக்கட்டும் என்பது என் அழுத்தமான கருத்து. தாய்லாந்தின் பட்டாயாவில் நடக்கும் டாப் ஆஃப் தி கல்ஃப் ரெகாட்டாவோடு அந்த நாட்டின் ஆப்டி தேசியப் போட்டியும் நடப்பது வழக்கம். மலேசியாவின் லங்காவி, சிங்கப்பூர், ஓமனின் முசன்னா எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீர், சோறு கிடைக்கும் ஊர், ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரக் கடிகார வித்தியாசம். சென்னையின் பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதே 2021-இல் முசன்னாவில் நடந்த போட்டியில்தான். பக்கத்துக் கடல் என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

இத்தாலியின் கார்டா ஏரியில் ஈஸ்டர் சமயத்தில் ஆயிரம் ஆப்டிகள் வரை கூடும் போட்டி ஒன்று உண்டு. எல்லாப் பெற்றோருக்கும் அதன்மேல் ஒரு கண். ஆனால் அங்கே தண்ணீர் நடுக்கும் குளிர். காலையில் வடக்கிலிருந்து ஒரு காற்று, மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து இன்னொரு காற்று, சுற்றிலும் மலை. 28 டிகிரிக் கடலில் வளர்ந்த பிள்ளையை முதல் பயணமாக அங்கே இறக்கினால் அது கற்றுக்கொள்வது குளிரைப் பற்றி மட்டும்தான். இரண்டாவது, மூன்றாவது பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரும் ஊரும்: எல்லையில் இருப்பவர்களின் தனித் தலைவலி

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். நம் பக்கத்தில் பயணம் தடைபடுவது பெரும்பாலும் இங்கேதான்.

தமிழ் வீட்டுப் பிள்ளைக்குப் பெயரும் தகப்பன் இனிஷியலும். ஆந்திரப் பக்கத்தில் பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழில் தெலுங்கு முறைப்படி வீட்டுப் பெயர் முன்னால் ஏறியிருக்கும். கும்மிடிப்பூண்டியில் பள்ளியில் சேர்த்தபோது அதை விட்டுவிட்டு அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டிருப்பார்கள். ஆதாரில் மூன்றாவதாக ஒரு வடிவம். ஊருக்குள் இதெல்லாம் ஓடும். பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட், போட்டிப் பதிவு நான்கிலும் ஒரே எழுத்துக் கூட்டல் இல்லையென்றால் எங்கேயாவது ஒரு மேசையில் நிறுத்திவிடுவார்கள்.

மாவட்டப் பெயரிலும் இதே கதை. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது சூளூர்பேட்டை, தடா எல்லாம் நெல்லூரிலிருந்து அதற்கு மாறின. சத்தியவேடு சித்தூரிலிருந்து மாறியது. பழைய சான்றிதழில் ஒரு மாவட்டம், புதிய ஆதாரில் இன்னொரு மாவட்டம். இது தவறல்ல, ஆனால் முகவரிச் சான்றாக எதைக் காட்டினாலும் பெற்றோர் ஆதாரும் பிள்ளை ஆதாரும் ஒரே வடிவத்தில் இருப்பது நல்லது.

செய்ய வேண்டிய வரிசை இதுதான். முதலில் பிறப்புச் சான்றிதழ். அதில் பெயரே இல்லாமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தால் பெயர் சேர்க்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். தெலுங்கில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்திலும் இருக்கும் நகல் வாங்குங்கள். பிறகு ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். பள்ளிப் பதிவையும் திருத்துங்கள். கடைசியாகத்தான் பாஸ்போர்ட்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். பிள்ளையின் பெயரை முதற்பெயர் கட்டத்திலும், அப்பா பெயரையோ வீட்டுப் பெயரையோ குடும்பப் பெயர் கட்டத்திலும் போடுங்கள். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடும் வழக்கம் நம்மிடம் உண்டு, விட வேண்டாம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து சுற்றுலா விசா விஷயத்தில் கெடுபிடி காட்டுகிறது. துபாய், அபுதாபிப் போட்டிகளை மனதில் வைத்திருந்தால் இது நினைவிருக்கட்டும்.

சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டு அல்லது 18 வயது வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். சாதாரணக் கட்டணம் 1000 ரூபாய். பெற்றோர் இருவரும் 'அனெக்சர் டி' உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும்; ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு 'அனெக்சர் சி'. பெற்றோருக்கே பாஸ்போர்ட் இருந்தால் பல சமயம் போலீஸ் விசாரணை இல்லாமல் வேலை முடியும், அதனால் முதலில் உங்களுக்கு எடுங்கள். 2018-க்குப் பிறகு இந்தியாவின் எந்தச் சேவா கேந்திரத்திலும் விண்ணப்பிக்கலாம். தடாக்காரர்கள் சென்னையிலேயே கொடுக்கலாம். விசாரணை வந்தால் அது முகவரியில் உள்ள ஆந்திர ஸ்டேஷனுக்குத்தான் போகும், அந்த நாட்களில் வீட்டில் ஆள் இருக்கட்டும்.

விசா, சம்மதக் கடிதம், காப்பீடு

தாய்லாந்து, மலேசியா போன்ற நாடுகள் சமீப ஆண்டுகளில் இந்தியருக்கு விசா இல்லாமல் அனுமதி தந்துவருகின்றன. இந்தச் சலுகைகள் திடீரென்று மாறும், டிக்கெட் போடும் வாரத்தில் தூதரகத் தளத்தைப் பாருங்கள். எந்த நாடாக இருந்தாலும் திரும்பி வரும் நாளுக்குப் பிறகு ஆறு மாதம் பாஸ்போர்ட் செல்லுபடி இருந்தால் பேச்சே இல்லை.

ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் எடுக்க மாட்டார்கள். நடைமுறையில் மூன்று மாதம் முன்னால் நேரம் பதிவு செய்துவிடுங்கள். 12 வயதானால் கைரேகை வைக்கப் பிள்ளையே நேரில் வர வேண்டும், அன்றைக்குப் பரீட்சை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. 6 முதல் 12 வயதுக்குள் 45. லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்தும் விளையாட்டுப் போட்டிக்கு, அதே மாதிரி அமைப்பின் சார்பில் போகும் 25 வயது வரையிலானவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை என்று ஷெங்கன் விசா விதியில் இருக்கிறது. கிளப்பின் கடிதத்தையும் போட்டி நடத்துபவரின் அழைப்பையும் காட்டிக் கேளுங்கள். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணத்தைத் தனியாகக் கட்டத்தான் வேண்டும். எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சில நாடுகளின் தூதரகக் கிளை மாறும். ஆந்திர முகவரிக்காரர்கள் சென்னைதான் என்று தாமாக முடிவுகட்ட வேண்டாம்.

பெற்றோர் கூடப் போகவில்லையென்றால் நோட்டரி கையெழுத்தோடு ஆங்கிலத்தில் ஒரு சம்மதக் கடிதம் அவசியம். யாரோடு போகிறது, எந்தத் தேதி, எங்கே தங்கும், அவசரச் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் உரிமை யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கை ஒடிந்து ஆஸ்பத்திரியில் நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

காப்பீட்டில் இரண்டு தனித்தனி விஷயம். ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. அது போக, மோதி அடுத்தவர் படகை உடைத்தால் ஈடுகட்டும் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீட்டை ஐரோப்பியப் போட்டிகள் கேட்கும். எவ்வளவு தொகை என்று போட்டி அறிவிப்பில் எழுதியிருக்கும். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் போட்டி விளையாட்டு சேராது. பாலிசியில் விலக்குகள் என்ற பக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பணம்

நுழைவுக் கட்டணம், படகு வாடகை, வாடகைப் படகுக்கு முன்பணம், கோச் படகில் (கோச் தண்ணீரில் கூட வரும் மோட்டார் படகு) பங்கு, தங்குமிடம், விமானம். இதில் வீட்டார் கணக்கில் விட்டுப்போவது கோச் படகு. நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து போனால் பங்கு குறையும், தனியாகப் போனால் முழுதும் உங்கள் தலையில்.

தமிழ்நாட்டு இருப்பிடச் சான்று உள்ளவர்கள் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திலும், 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிலும் உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆந்திர முகவரிக்காரர்கள் அவர்கள் மாநில விளையாட்டு ஆணையத்தை அணுக வேண்டும். பயிற்சி சென்னையில், வீடு சூளூர்பேட்டையில் என்றால் எந்த மாநிலத்தின் பெயரில் ஓட்டுகிறது என்பதை முதல் தேசியப் போட்டிக்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கால் வைத்தால் இரண்டு பக்கமும் கைவிரிப்பார்கள்.

எதைக் கொண்டு போவது

படகைக் கொண்டு போக வேண்டாம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பாய் மட்டும் சொந்தம். இந்தியாவின் எழுத்துகளும் எண்ணும் அதில் சரியாக ஒட்டியிருக்க வேண்டும். பாயைச் சுருட்டிக் குழாயில் போட்டால் நீளமான சாமான். சில விமானங்கள் எடுக்காது, சில தனிக் கட்டணம் வாங்கும். டிக்கெட்டுக்கு முன்னால் அளவைச் சொல்லி மின்னஞ்சலில் பதில் வாங்கி, அதன் அச்சை விமான நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். கவுண்டரில் நிற்பவருக்கு ஆப்டி என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பாய் தவிர: விசில் கட்டிய நுரை லைஃப் ஜாக்கெட் (வாயு உருளை வைத்து ஊதும் வகை விமானத்திலும் தொல்லை, போட்டியிலும் உதவாது), பழகிய மெயின்ஷீட் (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு), டில்லர் நீட்டி (சுக்கானைத் திருப்பும் நீளக் கம்பு), பாய் கட்டும் கயிறுகள் ஒரு கைப்பிடி அதிகமாக, தண்ணீர் அள்ளும் வாளிக்குக் கயிறு, நீர் புகாத கடிகாரம், ஹைக்கிங் கால்சட்டை (படகுக்கு வெளியே சாய்ந்து உட்காரும்போது போடுவது), காற்றுத் தடுப்பு மேல்சட்டை. குளிர்நாடு என்றால் வெட்சூட் என்கிற குளிர்நீர் உடை. அதை இங்கே போட்டுப் பழக முடியாது, வியர்த்தே மயங்கிவிடும், அளவு மட்டும் பார்த்து எடுங்கள்.

ஆப்டியில் அளவுச் சோதனை கண்டிப்பாக நடக்கும். பாய்க்கும் அதைக் கட்டும் கம்பமான மாஸ்டுக்கும் இடைவெளி 10 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. படகின் முன் கட்டும் கயிறு மிதக்கக்கூடியதாக, குறைந்தது 5 மில்லிமீட்டர் தடிமனும் 8 மீட்டர் நீளமும் ஒரே துண்டாக இருக்க வேண்டும். வாடகைப் படகில் இருக்கும் கயிறு சில சமயம் நைந்திருக்கும், ஒன்று வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுப் பொருளில் ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவுக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. நெய், பால்கோவா, பால் பவுடர் எல்லாம் சுங்கத்தில் குப்பைக்குப் போகும். அவல், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கடலை மிட்டாய் போதும். கருவாடு எடுத்துப் போகச் சொல்லி ஆத்தா அடம் பிடிப்பார். விடுதி அறையை நினைத்துப் பார்த்து நாசூக்காக மறுத்துவிடுங்கள்.

தண்ணீரில் பழக வேண்டியது

பழவேற்காட்டு ஏரிக்கரைப் பிள்ளைகளுக்குக் காற்று தெரியும். கச்சான் எப்போது எழும், கொண்டல் வந்தால் கடல் எப்படி மாறும், வாடை எப்படிக் குத்தும் என்று தாத்தா சொல்லி வளர்ந்தவர்கள். அது பெரிய சொத்து. ஆனால் ஏரி ஆழமில்லாத நீர். துறைமுகத்துக்குள்ளும் தண்ணீர் அடக்கமாகத்தான் இருக்கும். வெளிநாட்டில் திறந்த கடலில் அலை ஏறி இறங்கி ஓட்ட வேண்டியிருக்கும். கிளம்பும் முன் சில வாரமாவது பாதுகாப்புப் படகோடு வெளிக்கடலில் அலையில் ஓட்டச் சொல்லிக் கோச்சிடம் கேளுங்கள். மதியத்துக்குமேல் கடல்காற்று பலப்படும் நேரம்தான் அதற்குச் சரி.

அடுத்தது கூட்டம். இங்கே இருபது படகு, அங்கே எண்பது. தொடக்கக் கோட்டில் காற்றே கிடைக்காமல் நெரியும். தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்தப் படகு வகைக்கான வகுப்புக் கொடி ஏறும், நான்கில் தயார்க் கொடி ஏறும், ஒரு நிமிடம் இருக்கும்போது தயார்க் கொடி இறங்கும், பூஜ்யத்தில் வகுப்புக் கொடி இறங்கினால் ஓட்டம். இது எல்லாருக்கும் மனப்பாடம். கவனிக்க வேண்டியது எந்தக் கொடி தயார்க் கொடியாக ஏறியது என்பதை. யூ கொடியோ கருப்புக் கொடியோ ஏறினால், கடைசி நிமிடத்தில் கோட்டுக்கும் முதல் மிதவைக்கும் நடுவே உள்ள முக்கோணத்துக்குள் தலை காட்டினாலே தகுதி நீக்கம். கருப்பில் இன்னும் மோசம்: அந்த ஓட்டத்தை மறுபடி தொடங்கினாலும் சேர முடியாது. முதலிடத்துக்கு ஒரு புள்ளி, தகுதி நீக்கத்துக்கு மொத்தப் படகு எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி என்பதுதான் கணக்கு. எண்பது படகில் ஒரு அவசரம் 81 புள்ளி. முதல் வெளிநாட்டுப் போட்டியில் கோட்டுக்கு அரைப் படகு பின்னால் நின்று தொடங்கச் சொல்லுங்கள், வெட்கமே இல்லை.

உடலை ஆட்டிப் படகைத் தள்ளுவது பந்தய விதி 42-இன் கீழ் குற்றம். நடுவர் படகு விசிலடித்து மஞ்சள் கொடி காட்டினால் உடனே இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். நம் பிள்ளைகள் பலர் விசில் கேட்டதும் திகைத்து நின்றுவிடுகிறார்கள். கோச்சைப் பயிற்சியிலேயே திடீரென்று விசிலடிக்கச் சொல்லுங்கள்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் பற்றிப் பயம் இருக்கும். தண்ணீரில் தேவைப்படும் கூவல்கள் மிகக் கொஞ்சம்: 'ஸ்டார்போர்டு' (எனக்கு வலப்பக்கக் காற்று, வழி விடு), 'ரூம்' (எனக்கு இடம் விடு), 'புரொடெஸ்ட்' (உன்மேல் புகார் கொடுக்கிறேன்). ஆனால் அதை வயிற்றிலிருந்து கூவ வேண்டும். "புரொடெஸ்ட்" என்று சம்பவம் நடந்த உடனே கூவாவிட்டால் பிறகு கரையில் எழுதிக் கொடுக்கும் புகார் செல்லாது. ஆறு மீட்டருக்குக் குறைந்த படகு என்பதால் சிவப்புக் கொடி தேவையில்லை, குரல்தான் எல்லாம். விசாரணை அறையில் கோச் பேச முடியாது, பிள்ளைதான் பேச வேண்டும். மேசையில் தீப்பெட்டிகளைப் படகாக வைத்து 'நான் இங்கே, அவன் இங்கே, காற்று இந்தப் பக்கம்' என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பழக்குங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே நடுவர் குழுவிடம் கேட்பதிலும் தவறில்லை. பந்தய விதிகள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறும். இப்போது நடப்பில் உள்ளது 2025–2028 பதிப்பு. அண்ணன் பயன்படுத்திய பழைய புத்தகத்தை வைத்துப் படிக்க வேண்டாம்.

மருந்து

ஜுரம், சளிக்கு ஊர் டாக்டர் எழுதும் மாத்திரையில் பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கலாம், சளி மருந்தில் சூடோஎஃபெட்ரின் இருக்கலாம். இரண்டும் போட்டிக் காலத்தில் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளவை. ஆஸ்துமா பிள்ளைகள் இன்ஹேலர் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்ன கலந்தது என்று தெரியாத லேகியம், பொடி எதுவும் பையில் வேண்டாம்.

அங்கே போனபின்

முதல் பந்தயத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் போய்ச் சேருங்கள். இறங்கியதும் வாடகைப் படகை எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுங்கள்: கீறல், சுக்கான் முனை, டாகர்போர்டு (படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகை), காற்றுப் பைகள். கொடுப்பவர் முன்னாலேயே எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள். கடைசி நாளில் முன்பணத்தைப் பிடித்துக்கொள்வதற்கான வாதம் அதோடு முடிந்துவிடும்.

அறிவிப்புப் பலகையைத் தினமும் காலையிலும் மாலையிலும் பிள்ளையே பார்க்கட்டும். தண்ணீரில் இறங்கும்போதும் கரையேறியதும் பெயருக்கு எதிரே குறியிடும் முறை பெரும்பாலான சிறுவர் போட்டிகளில் உண்டு. களைத்துப் போய் நேரே சாப்பிடப் போய்விட்டால் தண்டனைப் புள்ளி. நன்றாக ஓட்டிய ஒரு நாளை இப்படிக் கரையில் தொலைப்பது போல எரிச்சல் வேறில்லை.

கூடப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் "எத்தனாவது?" என்று கேட்காதீர்கள். முடிவு பலகையில் வரும். தண்ணீரும் பழமும் கொடுங்கள், உலர்ந்த துணி கொடுங்கள், அதுவே பேசத் தொடங்கும். தொடக்கக் கோடு எப்படி இருந்தது, காற்று எந்தப் பக்கம் திரும்பியது என்பதெல்லாம் கோச்சின் கேள்விகள்.

திரும்பும் முன்

பாயை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்க உலர்த்திச் சுருட்டுங்கள். ஈரத்தோடு குழாயில் அடைத்தால் ஊர் வருவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். படகைத் திருப்பிக் கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு ரசீது வாங்குங்கள். பங்கேற்புச் சான்றிதழில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், தவறு இருந்தால் அலுவலகத்தில் மாற்றித் தருவார்கள். ஊர் வந்தபின் கேட்டால் பதில் வராது. முழு முடிவுப் பட்டியலை அச்செடுத்து, போட்டி அறிவிப்போடு சேர்த்து ஒரு கோப்பில் வையுங்கள். உதவித்தொகைக் கணக்கு, பள்ளி வருகைப் பதிவு, பின்னாளில் கல்லூரி விளையாட்டு இட ஒதுக்கீடு என்று எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். போர்டிங் பாஸைத் தூக்கி எறிய வேண்டாம், பயணச் செலவைத் திரும்பப் பெற அது இல்லாமல் நடக்காது.